சின்ன நீர்க்காகம்: நனையும் சிறகும் ஆழமில்லாத நீரும்

மதகுத் தூணிலோ, கண்மாய்க்குள் பட்டுநிற்கும் கருவேலங்கிளையிலோ கரிய பறவை ஒன்று இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்தபடி வெகுநேரம் அசையாமல் நிற்பதைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பார்க்காதவர்கள் குறைவு. அதே நீரில் நீந்துகிற வாத்தும் முக்குளிப்பானும் அப்படி நிற்பதில்லை. அவற்றின் உடலில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடிவிடும். நீர்க்காகம் மட்டும் தொப்பலாக நனைந்து கரையேறுகிறது. தண்ணீரிலேயே பிழைக்கிற பறவைக்குச் சிறகு நனைவது பெரிய குறை என்று தோன்றும். உண்மையில் அதுதான் அதன் தொழிலுக்கு ஆதாரம். சின்ன நீர்க்காகத்தின் உடல், இரை பிடிக்கும் முறை, கூடு கட்டும் இடம், குஞ்சு பொரிக்கும் மாதம் ஆகிய எல்லாமே ஆழமில்லாத நன்னீரைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. இது புரிந்தால்தான் ஒரு ஏரியில் எதை மாற்றினால் இந்தப் பறவை போய்விடும், எதை விட்டுவைத்தால் தங்கும் என்பதும் புரியும்.

அறிவியலில் இதற்கு மைக்ரோகார்போ நைஜர் என்று பெயர். 1817-இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேலோ இதை விவரித்தார். நீண்ட காலம் மற்ற நீர்க்காகங்களோடு ஃபாலாக்ரோகோராக்ஸ் பேரினத்தில் இருந்தது. பிறகு உருவில் சிறிய, அலகு குட்டையான இனங்களை மைக்ரோகார்போ என்று தனியே பிரித்தார்கள். அந்தப் பேரினத்தில் இன்று ஐந்து இனங்கள் உள்ளன. அவற்றில் நம் நாட்டில் பரவலாக வாழ்வது இது ஒன்றுதான். இந்தியத் துணைக்கண்டத்தின் சமவெளிகளில் தொடங்கிக் கிழக்கே ஜாவா வரை இது வாழ்கிறது. இமயமலையின் உயரமான பகுதிகளில் இல்லை.

அடையாளம்: மூன்று கரிய பறவைகள்

ஒரே ஏரியில் மூன்று நீர்க்காகங்களும் இருக்கலாம். சின்ன நீர்க்காகம் ஏறத்தாழ 50 செ.மீ. நீளம், எடை அரைக் கிலோவை ஒட்டி. கொண்டை நீர்க்காகம் ஏறத்தாழ 65 செ.மீ. பெரிய நீர்க்காகம் 80 செ.மீ.க்கு மேல், எடை இரண்டு மூன்று கிலோ. மூன்றும் அருகருகே உட்கார்ந்திருந்தால் குழப்பமில்லை. தனியாக ஒன்று மட்டும் தொலைவில் தெரியும்போதுதான் தவறு நேர்கிறது. அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

முதலில் அலகைப் பாருங்கள். சின்ன நீர்க்காகத்தின் அலகு தலையின் நீளத்தைவிடத் தெளிவாகக் குட்டை. நெற்றி செங்குத்தாக எழுவதால் தலை ஏறத்தாழச் சதுரமாகத் தெரியும். கொண்டை நீர்க்காகத்தின் அலகு நீண்டு மெல்லியதாக இருக்கும். நெற்றி அலகிலிருந்து தட்டையாகச் சரிந்து பின்னோக்கிப் போகும். அடுத்தது கண். கொண்டை நீர்க்காகத்தின் வளர்ந்த பறவைக்கு நீலப்பச்சைக் கண், பைனாகுலரில் பளிச்சென்று தெரியும். சின்ன நீர்க்காகத்தின் கண் கருமையாக இருப்பதால் முகத்தில் தனியாகத் தெரியாது. பெரிய நீர்க்காகத்துக்குத் தடித்த அலகு, அலகடியில் மஞ்சள் தோல், கன்னத்திலும் தொண்டையிலும் வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தொடையில் வெள்ளைத் திட்டு ஒன்று வரும். பறக்கும்போதுகூட அது தெரியும்.

கொண்டையை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் பின்தலையில் சிறு கொண்டை வளர்வது சின்ன நீர்க்காகத்துக்குத்தான். கொண்டை நீர்க்காகத்துக்கு அப்போது கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கீற்றுதான் வரும்.

பருவம் மாறினால் சின்ன நீர்க்காகத்தின் தோற்றமும் மாறும். கூடு கட்டும் காலத்தில் உடல் முழுவதும் மினுங்கும் கருமை. முகத்திலும் கழுத்தின் மேற்பகுதியிலும் மயிரிழை போன்ற மெல்லிய வெள்ளை இறகுகள் சிதறித் தெரியும். தொண்டைத் தோல், முகம், கண் எல்லாம் அப்போது கருத்திருக்கும். பருவம் முடிந்ததும் மினுக்கம் போய்விடும். உடலில் பழுப்பு கலக்கும், மோவாயில் சிறு வெள்ளைத் திட்டு தோன்றும், அலகடித் தோல் வெளிறும். இளம் பறவை முழுப் பழுப்பு; அதன் அடிப்பக்கம் வெளிறியது. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான்.

பாம்புத்தாராவோடு குழம்புவோரும் உண்டு. அதன் கழுத்து மிக நீளம், அலகு நேரான குத்தூசி. மீனைக் குத்திப் பிடிக்கும். நீர்க்காகத்தின் மேல் அலகு நுனியில் வளைந்த கொக்கி இருக்கிறது. மீனைக் கவ்வி இறுக்கும். இரண்டும் நீரில் உடலை அமிழ்த்தி நீந்தக்கூடியவை என்பதால் கழுத்தும் தலையும் மட்டும் தெரியும் நேரத்தில் அலகின் வடிவம்தான் உறுதியான அடையாளம்.

ஏன் நனைய வேண்டும்?

நீருக்குள் மூழ்கும் எந்தப் பறவைக்கும் முதல் எதிரி மிதப்பு. இறகுகளுக்கு இடையில் சிக்கிய காற்று அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கடலில் ஆழமாக மூழ்கும் பறவைக்கு ஓரளவு உதவி கிடைக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. சிக்கிய காற்று பாதியாகச் சுருங்குகிறது. மிதப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. சின்ன நீர்க்காகம் இரை தேடுவது பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைந்த நீரில். ஒரு மீட்டரில் அந்தக் காற்று பத்தில் ஒரு பங்குகூடச் சுருங்காது. ஆழமில்லாத நீரில் கீழே நிற்பதுதான் கடினம். அதனால் காற்றைச் சுமந்துகொண்டு போகாமலிருப்பதே அதற்கு லாபம்.

நீர்க்காகத்தின் இறகு செய்வது இதைத்தான். பெரிய நீர்க்காகத்தின் உடலிறகுகளை ஆராய்ந்தபோது ஒவ்வோர் இறகிலும் இரண்டு பகுதி இருப்பது தெரிந்தது. வெளி விளிம்பு தளர்வாக இருக்கிறது, தண்ணீரைக் குடிக்கிறது. நடுப்பகுதி நெருக்கமாகப் பின்னியிருக்கிறது, தண்ணீரை உள்ளே விடாது. ஆகவே வெளிச்சிறகு நனைந்து மிதப்பு குறைகிறது. தோலையொட்டி மட்டும் மெல்லிய காற்றுப்படலம் தங்கி உடல் குளிராமல் காக்கிறது. தோல்வரை நனைந்துவிடுகிறது என்று நினைப்பது தவறு. நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி இல்லை என்று பலரும் சொல்வதும் தவறு. சுரப்பி இருக்கிறது, பறவை அதைப் பயன்படுத்தி இறகைக் கோதவும் செய்கிறது. நனைவதற்குக் காரணம் இறகின் அமைப்பு.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. நனைந்த சிறகு கனக்கும், எழும்பிப் பறப்பது சிரமம். நீர்க்காகம் தண்ணீரிலிருந்து கிளம்பும்போது காலால் நீரை அடித்துக்கொண்டே சிறிது தூரம் ஓடித்தான் மேலேறுவது இதனால்தான். அடிக்கடி உலர்த்தவும் வேண்டும். சிறகு விரிப்பது உலர்த்தவா, வெயில் காயவா, உடலைச் சமநிலையில் நிறுத்தவா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. இலங்கையில் சின்ன நீர்க்காகத்தைக் கவனித்துச் செய்த ஆய்வு இதில் தெளிவு தந்தது. சிறகு விரிப்பது எப்போதும் நீரில் மூழ்கி வந்த பிறகுதான் நடந்தது. நீரில் எவ்வளவு நேரம் இருந்ததோ அதற்கேற்ப விரிக்கும் நேரமும் நீண்டது. காற்று வெப்பமாகவும் வறட்சியாகவும் இருந்த நாளில் அந்த நேரம் குறைந்தது. கொடியில் போட்ட துணி காயும் கணக்கேதான்.

உலர்த்த இடம் வேண்டும் என்பதை ஏரி வேலை செய்பவர்கள் பலர் யோசிப்பதில்லை. தண்ணீருக்கு நடுவில் ஒரு கொம்பு, பாறை, மூங்கில் கழி, பட்டமரம் என்று ஏதாவது இருந்தால்தான் அந்த ஏரியில் சின்ன நீர்க்காகம் நாள் முழுக்க இரை தேடும். கரையில் நின்றால் நாய்க்கும் நரிக்கும் எளிதாக அகப்படும், நனைந்த சிறகோடு உடனே எழும்பவும் முடியாது.

மீன் பிடிக்கும் விதம்

கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்தவை. நான்கு விரல்களையும், பின்விரலையும் சேர்த்து, ஒரே சவ்வு இணைக்கிறது. வாத்துக்கு முன்விரல் மூன்றுக்கு மட்டும்தான் சவ்வு. நீருக்குள் சிறகை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு இரு காலையும் ஒருசேர உதைத்து முன்னேறும். நீண்டு விறைத்த வால் சுக்கான். மேற்பரப்பிலிருந்து முழுகும் முன் உடலைச் சற்று எம்பித் தலைகுப்புறப் பாயும். எம்பாமல் அமிழ்ந்தும் போகும். ஒரு முழுக்கு பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வளர்ந்த நீர்க்காகத்தின் வெளி மூக்குத்துளை அடைபட்டது. மூச்சு வாய் வழியேதான். முழுகும்போது மூக்கில் நீர் ஏறும் பிரச்சினையே இல்லை. வெயிலில் அலகைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது நோயோ திணறலோ அல்ல, உடல் சூட்டைத் தணிக்கும் முறை.

கண்ணில் ஒரு வியப்பு இருக்கிறது. காற்றில் தெளிவாகப் பார்க்கும் கண் நீருக்குள் மங்கிவிடும், நம் கண்ணைப்போல. நீர்க்காகமோ கண்ணின் வில்லையையே தசையால் நெருக்கி வடிவம் மாற்றி நீருக்குள்ளும் பார்வையைக் கூர்மையாக்குகிறது. அப்படியும் கலங்கிய ஏரித்தண்ணீரில் மிக அருகில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஆகவே தொலைவில் மீனைப் பார்த்துத் துரத்துவது இதன் வழியில்லை. செடி, வேர், கல் என்று மீன் ஒளியும் இடங்களைத் துழாவி, கலைந்து ஓடும் மீனை மடக்கிய கழுத்தை நீட்டி எட்டிக் கவ்வுகிறது. கரையோர நாணல் ஓரத்திலும் வாய்க்காலிலும் வயல்வெளிக் குட்டையிலும் ஒற்றையாக இது வேலை செய்வதற்கு இதுதான் காரணம். கொண்டை நீர்க்காகம் வேறு மாதிரி. அது திறந்த நீரில் கூட்டமாகச் சேர்ந்து, பின்னால் இருப்பவை முன்னால் தாவிவர, மீன் கூட்டத்தை ஓட்டிப் பிடிக்கும். சின்ன நீர்க்காகமும் மீன் மிகுந்த இடத்தில் கும்பல் சேரும் என்றாலும் அதில் அத்தகைய ஒழுங்கு தெரியாது.

பிடித்த மீனை நீருக்குள் விழுங்குவது குறைவு. மேலே கொண்டுவந்து தூக்கிப் போட்டு, தலை முன்னே வருமாறு திருப்பி விழுங்கும். இதைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் விளங்கும். ஜிலேபிக் கெண்டையின் முதுகுத் துடுப்பில் வரிசையாக முள். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக விறைத்து நிற்கும் முட்கள். தலைப்பக்கமாக உள்ளே போனால் முள் உடலோடு படியும். வால் முன்னே போனால் விரிந்து தொண்டையில் குத்தி நிற்கும். கெளுத்தியைப் பிடித்த நீர்க்காகம் நெடுநேரம் அதைத் தண்ணீரில் அடித்தும் உதறியும் திருப்பியும் பாடுபடும். அந்த இடைவெளியில்தான் கொள்ளை நடக்கிறது. கொக்கு, மஞ்சள்மூக்கு நாரை போன்றவை மீனைப் பறிக்கப் பக்கத்திலேயே காத்திருக்கும். சின்னக் கொக்கு இன்னொரு வழியிலும் ஆதாயம் பார்க்கிறது. நீர்க்காகம் கலக்கிவிட்ட மீன்கள் கரையோரம் ஒதுங்க, கொக்கு ஓடி ஓடிப் பொறுக்கும்.

மீனோடு தவளை, தலைப்பிரட்டை, இறால், நீர்ப்பூச்சி ஆகியவற்றையும் தின்னும். செரிக்காத எலும்பையும் செதிலையும் உருண்டையாகக் கக்கிவிடும். அடையும் மரத்தடியில் கிடக்கும் இந்த உருண்டைகளைக் கரைத்துப் பார்த்தால் எந்த மீன் இரையானது என்று கண்டுபிடிக்கலாம். மீனின் உள்காதில் இருக்கும் சிறு கல் இனத்துக்கு இனம் வேறுபடும். ஆனால் மென்மையான சிறு மீனின் கல் வயிற்றிலேயே கரைந்துவிடும் என்பதால் உருண்டையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் முள்ளும் செதிலும் உள்ள மீனையே அது அதிகம் தின்பதாகத் தோன்றும்.

வாழிடம்

ஏரி, குளம், கண்மாய், அணையின் ஆழமற்ற கரைப்பகுதி, மெதுவாக ஓடும் ஆறு, பாசன வாய்க்கால், நகரத்துக் கோயில் குளம் வரை இதைக் காணலாம். கழிமுகத்திலும் அலையாத்திக் காடுகளிலும் உண்டு. திறந்த கடலுக்குப் போகாது. வலசை என்று சொல்லும்படியான நெடும்பயணம் இல்லை. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். கோடையில் கண்மாய் வற்றும் கட்டத்தில் எஞ்சிய குட்டையில் மீன் நெருங்கிக் கிடக்க, நீர்க்காகங்கள் நூற்றுக்கணக்கில் இறங்கும். அதைப் பார்த்துவிட்டு எண்ணிக்கை பெருகிவிட்டது என்று சொல்வது சரியல்ல. சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் தண்ணீர் இல்லை என்பதற்கே அது சாட்சி.

அந்தி சாயும் நேரத்தில் இறுக்கமான வரிசையாகவோ ஆப்பு வடிவிலோ வேகமாகச் சிறகடித்துப் பறந்து, நீரோர மரங்களில் கொக்குகளோடு சேர்ந்து அடையும்.

கூடும் குஞ்சும்: தண்ணீரின் நாள்காட்டி

வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடு கட்டுகிறது. தென்னிந்தியாவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. இலங்கையில் டிசம்பர் முதல் மே வரை. இனம் ஒன்றே, மழைதான் மாதத்தைத் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பி, மரங்களின் அடியில் தண்ணீர் நின்றால்தான் இங்கே கூடு தொடங்கும். மழை பிந்தினால் கூடும் பிந்தும். பொய்த்தால் அந்த ஆண்டு அந்த ஏரியில் கூடே இருக்காது.

கூடு என்பது குச்சிகளைக் கொண்டு கட்டிய சிறு மேடை. ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டும். கொக்கு, வக்கா, நாரை, பாம்புத்தாரா ஆகியவற்றோடு ஒரே மரத்தில் கலந்து கட்டுவதே வழக்கம். கண் அசந்தால் பக்கத்துக் கூட்டுக் குச்சி காணாமல் போகும். அதனால் இணையில் ஒன்று கூட்டிலேயே இருக்கும்.

முட்டை இரண்டு முதல் ஆறு, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து. வெளிர் நீலப்பச்சை ஓட்டின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் படலம். ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு முட்டை. நீர்க்காகங்களின் வயிற்றில் மற்றப் பறவைகளைப்போல இறகுதிர்ந்த அடைகாப்புத் திட்டு உருவாவதில்லை. சவ்வுக் காலால் முட்டைகளைப் பொத்திச் சூடேற்றுகின்றன. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பு தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. நான்கு முட்டை இட்டிருந்தால் மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் ஏறத்தாழ ஆறு நாள் இடைவெளி. குஞ்சு பிறக்கும்போது உடலில் தூவி இல்லை, கண் திறந்திருக்காது, தலையில் சிவந்த தோல். பெற்றோரின் தொண்டைக்குள் தலையை நுழைத்துத்தான் உணவு வாங்கும். எட்டிப்பிடிக்க வலுவுள்ளதற்கே முதல் பங்கு. மீன் தாராளமாக இருந்தால் எல்லாம் பிழைக்கும், குறைந்தால் கடைக்குட்டிதான் முதலில் சாகும்.

இந்த நாள்களைக் கூட்டிப்பார்ப்பது ஏரியைப் பராமரிப்பவர்களுக்கு அவசியம். கூடு கட்ட ஒரு வாரம், முட்டையிட ஒரு வாரம், அடைகாப்பு இரண்டு முதல் மூன்று வாரம், குஞ்சு கூட்டை விட ஒரு மாதம், அதன்பிறகும் பறந்து தானாக மீன் பிடிக்கும்வரை சில வாரம். ஆக, முதல் குச்சி வைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். நவம்பர் கடைசியில் தொடங்கிய கூட்டுக்குப் பிப்ரவரி இறுதிவரை. கூடுகள் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால் மார்ச் வரை என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இடையில் மடை திறந்து மரத்தடி காய்ந்துபோனால் நாயும் நரியும் கீரியும் உள்ளே வரும். கூட்டிலிருந்து விழும் குஞ்சு நீரில் விழுந்தால் நீந்தித் தொற்றிக்கொள்ள வழியுண்டு. சேற்றில் விழுந்தால் இல்லை.

அடுத்த ஆபத்து தொந்தரவு. படகோ வெடியோ ட்ரோனோ மரத்தை நெருங்கினால் பெற்றோர் எழும்பிவிடும். அந்தச் சில நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். உச்சி வெயிலில் தூவியற்ற குஞ்சு நிழலில்லாமல் சாகும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பது வெறும் நல்லெண்ணம் அல்ல; கூடு தொடங்கும் மாதத்தில் சரியாகச் செய்யவேண்டிய காரியம் அதுவே. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கலில் ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1798-லேயே ஆங்கிலேய ஆட்சியின் மாவட்ட ஆட்சியர் பறவைகளுக்குப் பாதுகாப்பு ஆணை தந்திருக்கிறார். ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி, நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், சுற்றிலும் வயல். இதற்கு உழவர்கள் சொன்ன காரணமும் நடைமுறையானது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம். எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதை இன்று வேதியியல் சொல்கிறது. வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், வடுவூர் ஆகிய பறவைச் சரணாலயங்கள் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

அதே எச்சம் மரத்துக்குச் சுமை. இலைமேல் வெள்ளையாகப் படிந்து இலை கருகும், வேரடியில் உப்பு சேரும், கூட்டுக்காகக் கிளை நுனிகளை ஒடிப்பதும் சேர்ந்துகொள்ளும். நீரில் நிற்கும் மரத்துக்கு எச்சம் கரைந்துபோகும். கோடையில் பறவைகள் போனதும் அது துளிர்க்கும். கரையில் தரைமேல் நிற்கும் மரத்தில் ஆண்டுதோறும் கூடு வைத்தால் அது சில ஆண்டில் பட்டுப்போகலாம். பறவையைக் குறை சொல்லிப் பயனில்லை. நீருக்குள் மாற்று மரம் வளர்த்திருக்க வேண்டும்.

மீன் வளர்ப்போருக்கு

மீன் பண்ணைக்காரர்களின் புகாரில் நியாயம் இருக்கிறது. விரலி எனப்படும் விரல் நீள மீன் குஞ்சுகள் நெருக்கமாக நிற்கும் ஆழமற்ற நாற்றங்கால் குளம் சின்ன நீர்க்காகத்துக்கு ஏற்ற இரைக்களம். ஆனால் பெரிய ஏரியில் அது தின்பதில் பெரும்பகுதி விலைபோகாத சிறு மீன். இரண்டையும் ஒரே கணக்கில் போடக்கூடாது.

நாற்றங்கால் சிறியது என்பதால் முழுவதையும் வலையால் மூட முடியும், அதுதான் உறுதியான வழி. வலையை இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வாகத் தொங்கும் நரம்பு வலையில் பறவை சிக்கிச் சாகும், மீனுக்கும் பாதுகாப்பு இருக்காது. பெரிய குளத்தில் குறுக்கே நைலான் கயிறுகளை வரிசையாகக் கட்டினால் பறவை இறங்கவும் ஓடி எழும்பவும் தயங்கும். கண்ணுக்குத் தெரியும் தடித்த கயிறு, நிறமுள்ளது நல்லது. இந்த முறை தோற்பதற்கு வழக்கமான காரணம், கரையோரத்தை விட்டுவிடுவது: நீர்க்காகம் கரையில் இறங்கி நடந்தே தண்ணீருக்குள் போய்விடும். ஆகவே கரையைச் சுற்றியும் முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு வேண்டும். வளர்ப்புக் குளத்தில் விரலிகளை 10 செ.மீ.க்கு மேல் வளர்த்து விட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். ஒரு மூலையில் கிளைக் கட்டுகளை அமிழ்த்தி வைத்தால் மீன் ஒளிய இடம் கிடைக்கும். அறுவடைக்கு முன் அவற்றை எடுக்க மறந்தால் இழுவலை கிழியும் என்பதால் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும்.

வெடியும் பொம்மையும் சில நாளுக்குத்தான். பறவை பழகிவிடும். சுடுவதும் விஷம் வைப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயனும் இல்லை, மீன் இருக்கும்வரை காலியான இடத்துக்கு வேறு நீர்க்காகம் வரும்.

தூர் வாரும்போதும் மரம் வெட்டும்போதும்

உலக அளவில் சின்ன நீர்க்காகம் அழியும் நிலையில் இல்லை. அதனால் உள்ளூரில் கூட்டிடம் இழப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வேலைகள் சரியாக நடந்தால் பெரும்பாலான கண்மாய்களில் இது தொடர்ந்து வாழும்.

ஒன்று தூர் வாருதல். நீர்ப்பிடிப்புக்கு அது தேவைதான். கரையையொட்டிச் செங்குத்தாக வெட்டி ஏரியை ஒரே ஆழமான பள்ளமாக்கினால் ஒரு மீட்டருக்கு உட்பட்ட நீர்ப்பரப்பு இல்லாமல் போகிறது. அந்த ஏரியில் தண்ணீர் அதிகம் நிற்கும், நீர்க்காகத்துக்கும் கொக்குக்கும் இரைக்களம் இருக்காது. கரைப்பக்கம் ஆழப்படுத்தி, நீர் வரத்துப் பக்கம் படிப்படியாகச் சரிவு விட்டால் இரண்டும் கிடைக்கும். எடுத்த மண்ணில் ஒரு பகுதியைக் கொண்டு ஏரிக்குள்ளேயே மேடுகள் அமைத்து நாட்டுக் கருவேலம், நீர்க்கடம்பு நடலாம். மேடு கரையோடு ஒட்டியிருந்தால் நாய் நடந்தே போய்விடும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்படி தள்ளி அமைய வேண்டும்.

மற்றது மரம். கண்மாய்களுக்குள் சமூகக் காடு வளர்ப்பில் நட்ட நாட்டுக் கருவேல மரங்கள் முற்றியதும் ஏலத்தில் போகின்றன. தென்மாவட்டங்களில் கூட்டிடமாக இருப்பவை பலவும் இந்த மரங்கள்தான். சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலையிலும் இதே சிக்கல் வருகிறது. அகற்றவேண்டிய மரம்தான், ஆனால் வேறு மரமில்லாத கண்மாயில் பறவைகள் அதிலும் கூடு வைத்திருக்கும். ஏலத்துக்கு முன் டிசம்பரிலும் ஜனவரியிலும் இரண்டு வார இடைவெளியில் கரையிலிருந்தே பைனாகுலரில் பார்த்து, பறவை அமர்ந்திருக்கும் கூடுகளை மட்டும் மரவாரியாக எண்ணிக் குறிக்க வேண்டும். காலிக் கூட்டையும் சேர்த்தால் கொக்கின் பழைய கூடும் கணக்கில் ஏறிவிடும். கூடுள்ள மரங்களுக்கு நிறம் பூசி, அவற்றை ஏலப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். மற்றவற்றை ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல் மூன்று தவணையாக வெட்டி, வெட்டிய இடத்தில் உடனே நாட்டு மரம் நட்டால் முதல் தவணைக் கன்று கிளை பரப்பும்வரை பழைய மரங்கள் தாங்கும். வெட்டும் வேலையை மே தொடங்கி ஆகஸ்ட்டுக்குள் முடித்துவிட வேண்டும்.